பழைய லொறியெண்டால் ஆடத்தான் செய்யுமா?

"பழைய லொறிதானே, ஸ்டியரிங் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்." மட்டக்களப்பில் லொறி வைத்திருக்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சற்று நேரத்தில் இந்த வசனம் வந்துவிடும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால் இன்னும் அதிகமாகக் கேட்கலாம். மூட்டை ஏறி முடியும்வரை லொறிக்காரர்கள் வயலோர மரநிழலில் நின்று கதைப்பார்கள். என்ஜின் புகை தள்ளுகிறது என்று ஒருவர் கவலைப்படுவார், டீசல் போகிற போக்கைச் சொல்லி இன்னொருவர் தலையில் அடிப்பார், கிளட்ச் பற்றி ஒரு பெரிய விவாதமே நடக்கும். ஸ்டியரிங் என்று வந்தால் மட்டும் எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். பழசு, ஆடத்தான் செய்யும், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சமாதானம் வரவில்லை. இரும்பு சும்மா வயதாகி ஆடுவதில்லை. எங்கேயோ ஒரு உருண்டை அதன் குழிக்குள் தேய்ந்திருக்கிறது, எங்கேயோ ஒரு நட் இளகியிருக்கிறது, எங்கேயோ ஒரு புஷ், அதாவது மூட்டின் உள்வளையம், வட்டம் கெட்டிருக்கிறது. ஸ்டியரிங் வீலில் நம் கைக்குத் தெரிகிற ஆட்டம் அப்படியான சில இடங்களின் கூட்டுத்தொகை. அந்த இடங்களைத் தேடுவதை விட்டுவிட்டு வயதின்மேல் பழியைப் போடுகிறோம்.

இந்தப் பேச்சு இப்போது முன்னைவிடப் பாரதூரமானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. முழுதாகத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் வந்த 2022 நெருக்கடியில் உதிரிச் சாமான்களும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கை வைக்க முடியாத விலை. அதனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த லொறிகள்தான் இன்றைக்கும் நம் நெல்லையும் மண்ணையும் சல்லியையும் சுமக்கின்றன. எனக்கு அந்த லொறிகள்மேல் பிரியம் உண்டு. எல்ஃப், கான்டர், டாட்டா எதுவானாலும் பெரும்பாலும் முன்பக்கம் ஒரே நேர் அச்சு, இருபுறமும் ஸ்பிரிங் பிளேட், கையால் கிறுக்குகிற, அதாவது திருப்புகிற, சாதாரண ஸ்டியரிங் பொக்ஸ். ஸ்டியரிங் மூட்டுகள் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். மறைவாக எதுவும் இல்லாத ஒரு வாகனத்தில் ஆட்டம் எங்கே என்று தெரியாமல் வருடக்கணக்கில் ஓடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் லொறி ஓடுகிற றோட்டைச் சொன்னால் காரணம் புரியும். வெல்லாவெளியில் கிறவல் றோட்டில் மூட்டை ஏற்றி, பெரியபோரதீவு தாண்டி, பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வந்து, பிறகு கல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை என்று கடற்கரை றோட்டால் கல்முனைக்கும் சம்மாந்துறை மில்களுக்கும் போகும். இந்த றோட்டில் ஒரு வீடு முடிந்து வெளி என்று எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் சோடி சோடியாக வருவார்கள், மாலையானால் மாடுகள் தாரில் படுக்கும், ஓட்டோக்கள் எந்த ஒழுங்கையால் வரும் என்று சொல்ல முடியாது. அப்பா லொறி ஓட்டிய காலத்தில் மட்டக்களப்புக்குள் போவதென்றால் 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலம் ஒன்றுதான், அதிலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகும். அந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே லொறியை நேராக வைத்திருக்க முடியாதவர் டிரைவரே இல்லை என்பார் அப்பா. 2013இல் பக்கத்தில் அகலமான புதுப் பாலம் வந்த பிறகு அந்தக் கண்டிப்பும் போய்விட்டது.

கணக்குக்கு ஒன்று. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வாகனம் ஒரு விநாடியில் 16 மீற்றருக்கு மேல் போகிறது. ஆட்டத்தைத் தாண்டி ஸ்டியரிங் "பிடிக்க" அரை விநாடி பிந்தினால் 8 மீற்றர் தூரம் லொறி தன் இஷ்டத்துக்கு ஓடியிருக்கும். அமெரிக்காவில் கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்கிறவர்களின் கைநூலில் ஒரு அளவு சொல்லியிருக்கிறார்கள்: ஆட்டம் 10 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது 20 அங்குல ஸ்டியரிங் வீலின் விளிம்பில் ஏறத்தாழ 2 அங்குலம். நம்மூர் வயலோரங்களில் நிற்கிற லொறிகளில் ஏறி அளந்தால் எத்தனை தேறும் என்று நினைக்கவே மனம் கலங்குகிறது.

கை பழகிவிடும்

எங்கள் லொறியை ஓட்டுவது அண்ணன். நான் கணக்குப் பார்ப்பவன், தேவைப்பட்டால் கூடப் போகிறவன். அண்ணனைப்போல நிதானமான டிரைவரை நான் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்து சீட்டில் இருந்து அவருடைய கைகளைக் கவனித்தால், நேர் றோட்டிலும் அவை சும்மா இருக்காது. இடம், வலம், இடம், வலம் என்று சின்னச் சின்னதாக வீலை அசைத்துக்கொண்டே வருவார். லொறி அலைய முன்பே அலைச்சலைப் பிடித்துவிடுவார். கேட்டால், "எங்கடா, நேராத்தானே போகுது" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. லொறி நேராகத்தான் போனது. அதை நேராகப் போக வைத்தது ஸ்டியரிங் இல்லை, அண்ணனின் கை.

தேய்மானம் ஒரு நாளில் வருவதில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஒவ்வொரு வாரமும் நூலளவு நூலளவாகக் கூடுகிறது, கையும் அதே அளவு பழகிக்கொள்கிறது. ஆகவே ஒரு லொறியின் ஸ்டியரிங் எப்படி என்று கேட்கக் கூடாத ஒரே ஆள் அதைத் தினமும் ஓட்டுகிற டிரைவர். எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவுக்கு அவருக்குத் தெரியாது. கெட்டித்தனமே பழுதை மறைத்துவிடுகிறது.

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் மச்சான் லொறியை எடுத்தார். அவர் வேறொருவருடைய கான்டர் ஓட்டுகிறவர், புதுக் கை இல்லை. பட்டிருப்புப் பாலம் தாண்டுவதற்குள் லொறியை ஓரம் கட்டிவிட்டு எனக்குப் போன் எடுத்தார். "மச்சான், இது என்னகா லொறி? நான் ஒரு பக்கம் கிறுக்க, அது யோசிச்சுப்போட்டு வருது. நெல்லோட இத கல்முனைக்கு என்னால கொண்டுபோக ஏலா." அன்று மூட்டைகள் அங்கேயே வேறு லொறிக்கு மாறின. கூலி இரண்டு தரம் கொடுத்தோம். அண்ணனுக்குக் கோபம், தன்னுடைய ஓட்டத்தைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார். எனக்கு மச்சான் சொன்ன அந்த "யோசிச்சுப்போட்டு வருது" மட்டும் காதில் நின்றது.

ஒரு திருகாணியும் ஒரு சோடி எண்டும்

முதலில் கொண்டுபோன கராஜில் வேலை மிகச் சுருக்கமாக முடிந்தது. ஸ்டியரிங் பொக்ஸின் மேல் ஒரு திருகாணி இருக்கும், மேலே ஒரு லொக் நட். நட்டை இளக்கி, திருகாணியை உள்ளே இறுக்கி, வீலை ஆட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் குறைந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இது நம் பக்கத்தில் தினமும் நடக்கிறது. அந்தத் திருகாணி பொக்ஸுக்குள் இருக்கும் பற்களின் இடைவெளியைச் சரிபார்க்க வைத்தது. வெளியே மூட்டுகளில் உள்ள ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதோடு, லொறி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது, அதனால் பொக்ஸின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரப் பகுதிக்கு வரும்போது பற்கள் ஒன்றையொன்று கடிக்கும். முடக்கில் கிறுக்கினால் வீல் இறுகும், கிறுக்கிய பின் தானாகத் திரும்பி வராது. அண்ணன் இரண்டாம் நாளே சொன்னார், களுவாஞ்சிகுடிச் சந்தியில் திருப்பினால் கையால் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருக்கிறது என்று. ஆட்டம் இருந்த ஸ்டியரிங்கைவிட நடு வழியில் இறுகுகிற ஸ்டியரிங் மோசமானது.

அடுத்ததாக, வேறொரு இடத்தில், டைரொட் என்ற, இரு முன்சில்லுகளையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டுகளான டைரொட் எண்ட் இரண்டையும் மாற்றினார்கள். இதில் குறை சொல்ல முடியாது, பழைய எண்ட்கள் உண்மையிலேயே தேய்ந்திருந்தன. றப்பர் வெடித்து, உள்ளே கிறீஸுக்குப் பதிலாகச் சேறுதான் இருந்தது. ஆட்டம் என்றாலே எல்லோரும் டைரொட் எண்டைச் சொல்வதற்கு நியாயமும் உண்டு. இரண்டு முன்சில்லுகளையும் ஒரே ஒழுங்கில் வைத்திருப்பது அந்த ஒற்றைக் கம்பிதான். டிரைவர் கிறுக்குவது ஸ்டியரிங் பொக்ஸின் அடியில் தொங்கும் பிட்மன் ஆம் என்ற இரும்புக் கைக்குப் போகும், அங்கிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி வழியாக வலது முன்சில்லுக்கு. இடது சில்லு இந்தச் செய்தியைக் கேட்பது டைரொட் வழியாக மட்டும். வளைவில் உள்பக்கச் சில்லு வெளிப்பக்கச் சில்லைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் டயர் தாரில் உரசும். இரு சில்லுகளையும் திருப்பும் இரும்புக் கைகள் சற்றே உள்ளே சாய்ந்து, டைரொட்டானது சில்லுகள் திரும்பும் ஆணிகளான கிங்பின்களின் இடைவெளியைவிடக் கொஞ்சம் கட்டையாக இருப்பது அதற்காகத்தான். இந்த உபாயம் குதிரை வண்டிக் காலத்தது. மியூனிக்கில் வண்டி செய்த லங்கென்ஸ்பெர்கர் என்பவர் கண்டுபிடித்ததை, லண்டனில் இருந்த அவருடைய முகவர் அக்கர்மன் 1818இல் தன் பெயரில் பதிவுசெய்தார். நம் மாட்டு வண்டிக்கு இந்தத் தேவையே வரவில்லை, இரண்டு சில்லுதான், மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும்.

சரி, புது எண்ட்கள் பூட்டியாயிற்று, சில்லுகளை ஒன்றுக்கொன்று நேராக்கும் வீல் அலைன்மென்ட்டும் செய்தாயிற்று. ஆட்டம் குறைந்தது, ஆனால் போகவில்லை. இரண்டு இடத்திலும் காசு கொடுத்தோம், இரண்டு இடத்திலும் ஆட்டம் எங்கே என்று தேடி ஒருவர்கூட லொறிக்கு அடியில் படுக்கவில்லை. எண்ட்களை மாற்றியவர் கடைசியில் சொன்னார்: "பழசுதானே, இதுக்கு மேல எதிர்பாக்க ஏலாது."

லொறிக்கு அடியில்

கல்முனைப் பக்கம் ஒரு மெக்கானிக் நானா இருக்கிறார். வயதானவர், இப்போது பெரிய வேலை எடுப்பதில்லை, மகன்மார் செய்வதைக் கதிரையில் இருந்து பார்ப்பார். மச்சான்தான் அவரிடம் போகச் சொன்னார். போன உடன் ஜக் அடிக்கப் போன மகனை நானா தடுத்தார். "தூக்காத. நிலத்துல நிக்கட்டும். பாரம் சில்லுல இருந்தாத்தான் மூட்டு உண்மையச் சொல்லும்." அண்ணனை சீட்டில் ஏறச் சொன்னார். என்னைப் பார்த்து, "தம்பி, கீழ போங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்க, உங்கட விரல் சொன்னா நம்புவீங்க" என்றார். சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹான்ட் பிரேக் இழுத்து, ஒரு சாக்கை விரித்து நான் அடியில் போனேன்.

வேலை மிக எளிமையானது. அண்ணன் வீலை முழுதாகத் திருப்பாமல், ஆட்டம் இருக்கிற அந்தச் சிறு தூரத்துக்குள் மட்டும் இடமும் வலமுமாக, நிதானமாக, நிறுத்தாமல் அசைக்க வேண்டும். நான் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைக்க வேண்டும், பாதி விரல் ஒரு துண்டில், பாதி விரல் அடுத்த துண்டில். இரண்டும் ஒன்றாக அசைந்தால் அந்த மூட்டு நல்லது. ஒன்று அசைந்து மற்றது பிந்தினால் அந்த இடைவெளி விரலுக்குத் தெரியும். ஆடுகிற பல்லை நாக்கு எப்படித் தேடாமலே கண்டுபிடிக்குமோ, அப்படித் தெரிந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது எதுவுமே அசையவில்லை என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடி விரலை மட்டும் நம்பியபோது, பிட்மன் ஆமும் டிராக் லிங்க்கும் சேரும் உருண்டையில் ஒரு சின்னத் தட்டல் கேட்டது. வீல் திசை மாறும் ஒவ்வொரு தரமும் முதலில் பிட்மன் ஆம் போனது, ஒரு நொடி விட்டு டிராக் லிங்க் போனது. மச்சான் சொன்ன "யோசிப்பு" அதுதான்.

நானா அங்கே நிறுத்தவில்லை. "வலது டைரொட் எண்டுல வைங்க" என்றார். புது எண்ட். உருண்டையில் ஒரு ஆட்டமும் இல்லை, நான் சொன்னேன். "மேல. நட்டுக்கிட்ட. எண்டையும் சில்லுட கையையும் சேத்துப் பிடிங்க." பிடித்தேன். அங்கே இருந்தது. எண்டின் உருண்டை இறுக்கமாக இருந்தது, ஆனால் எண்டின் கூம்புத் தண்டு, சில்லின் கையில் உள்ள துளைக்குள் மொத்தமாக அசைந்தது. நட்டில், அது கழராமல் காக்கும் கொட்டர் பின் இருந்தது, ஸ்பானர் போட்டால் நட் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. இறுக்கமான நட், இருந்தும் ஆட்டம். அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக, பொடிபோல, துருத்தூள் படிந்திருந்தது. இரும்பும் இரும்பும் மிக நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருக்கும் இடத்தில்தான் அந்தத் தூள் வரும். மழைநீர்த் துரு அப்படிச் சேர்வதில்லை. விளக்கின் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நான் சற்று நேரம் அப்படியே கிடந்தேன். இத்தனை மூட்டை சுமந்து, இத்தனை பிள்ளைகளைக் கடந்து போன லொறி இது.

நானா விளக்கினார். டைரொட் எண்டின் தண்டு கூம்பு வடிவம், அது போகும் துளையும் கூம்பு. நட்டை இறுக்க இறுக்க, கூம்பு கூம்புக்குள் ஏறி ஒரே இரும்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்புத்தான் பாரத்தைத் தாங்குவது. நட் அதைக் காவல் காக்க மட்டும். முன்பு எப்போதோ அந்த நட் இளகி, இளகியபடியே ஓடியிருக்கிறது. தண்டு துளையை உள்ளே தின்று வட்டத்தைக் கெடுத்துவிட்டது. இப்போது புது எண்ட் பூட்டினால் தண்டு தேவைக்கு அதிகமாக மேலே ஏறும், கூம்பு பிடிக்க முன்பே நட் புரியின் அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பானர் பிடிக்கிறவருக்கு நல்ல இறுக்கம் என்றுதான் தெரியும். எண்ட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அந்தத் துளையில் ஆடும். பூட்டுவதற்கு முன் துளையைத் துடைத்து, தண்டுக்கு ஒரு நீல மையோ வெண்கட்டியோ பூசி, செருகித் திருப்பி எடுத்துப் பார்த்தால் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை.

வீட்டிலேயே பார்க்கலாம்

அன்றைக்குப் பிறகு இதை நான் பலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன். அடியில் படுக்குமுன் டயரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம், உள்ளேயிருந்து வெளியே ஒரு தரம் இழுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் வாளின் பல்லாகக் கீறினால் இரு சில்லுகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை, டைரொட் பக்கம் சந்தேகம். டயர் ஒழுங்காகத் தேய்ந்திருக்கிறது, ஆனால் ஸ்டியரிங் வெறுமையாகக் கிறுகுகிறது என்றால் டிராக் லிங்க், பிட்மன் ஆம், பொக்ஸ் பக்கம் போங்கள், ஏனென்றால் அந்த ஆட்டத்தில் இரண்டு சில்லும் சேர்ந்தே அலையும். ஒருவர் வீலை அசைக்க இன்னொருவர் முன்னால் நின்று இரு சில்லுகளையும் பார்த்தாலும் கொஞ்சம் தெரியும். வலது அசைந்த பிறகுதான் இடது அசைகிறது என்றால் இடையில் உள்ள டைரொட்டைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

அதன் பிறகுதான் ஜக். அச்சைத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் பெயாரிங், மிதித்தும் ஆடினால் கிங்பின். இந்தச் சோதனை தெரியாமல் பெயாரிங் மாற்றிக் காசை விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஸ்பிரிங் பிளேட்டைப் பிடிக்கிற யூ போல்ட்டையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். அச்சே இடம் மாறினால் ஸ்டியரிங் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

டைரொட் எண்ட் மாற்றுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. டைரொட்டின் ஒரு முனை வலப்புரி, மறு முனை இடப்புரி, அதனால்தான் கம்பியைத் திருப்பினாலே நீளம் கூடிக் குறைகிறது. பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி வைத்தால் புதியதை ஏறக்குறைய அதே இடத்தில் பூட்டலாம். ஆனாலும் அலைன்மென்ட் பார்க்காமல் லொறியைப் பாரத்தோடு ஓட விடக் கூடாது. நட்டின் வெட்டும் தண்டின் ஓட்டையும் நேராக வரவில்லை என்றால் அடுத்த வெட்டுக்கு இறுக்க வேண்டும், கொட்டர் பின் போடுவதற்காக நட்டை இளக்குவது எங்கள் லொறிக்கு நடந்த கதையின் ஆரம்பம். கிறீஸ் நிப்பிள் இருக்கிற எண்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சேற்று வயலிலும் உவர்ச் சேற்றிலும் இறங்கி ஏறுகிற லொறிக்கு, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை புதுக் கிறீஸ் அடிப்பதைவிட மலிவான பராமரிப்பு வேறு இல்லை.

துளை தேய்ந்த எங்கள் லொறியின் சில்லுக் கைக்கு வருகிறேன். இரண்டு யோசனை வந்தது. ஒன்று, பால்மாப் பேணித் தகரத்தை வெட்டிச் சுற்றித் தண்டைச் செருகுவது. இதை நான் கேள்விப்பட்டதோடு நிற்கவில்லை, வேறு லொறிகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தகரம் நசுங்கிப் பிதுங்கி வெளியே வந்ததும் ஆட்டம் முன்னைவிட மோசமாகத் திரும்பும். மற்றது, துளையை வெல்டிங் அடித்து நிரப்பி மறுபடி கூம்பாகக் கடைவது. அந்தக் கை அடித்து உருவாக்கி, சூடேற்றிப் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் பதம் கெட்டு, எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாத இரும்பாகிவிடும். வெடித்தால் ஒரு சில்லு மட்டும் அதன் போக்கில் போகும். நானா இரண்டையும் மறுத்தார். பழைய வாகன உதிரிச் சாமான் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும் ஒருவரிடம் சொல்லி, கழற்றிய லொறியிலிருந்து நல்ல கை ஒன்றை எடுத்தோம். வந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, நீல மை பூசி, கூம்பு முழுச்சுற்றும் தொடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பூட்டினார். டிராக் லிங்க்கின் இரண்டு மூட்டும் புதிது. பொக்ஸின் திருகாணியை, முதல் கராஜ் இறுக்கிய அளவிலிருந்து பின்னால் எடுத்து, வீல் ஓரம்வரை கடிக்காமல் ஓடும்படி வைத்தார்.

லொறி கல்முனையிலிருந்து வெளிக்கிட்டபோது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் பழைய பழக்கத்தில் வீலை அசைத்தார், லொறி உடனே கேட்டது. பாண்டிருப்புத் தாண்டும்வரை லொறி இடமும் வலமுமாகத் துள்ளியது, பழுது இன்னும் கூடிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். "கையச் சும்மா வைச்சிருங்க அண்ணன்" என்றேன். மருதமுனைக்குக் கிட்ட வர அவருடைய கைகள் மெல்ல மெல்ல அடங்கின. பெரியநீலாவணையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். இறங்கி, இரண்டு முன்டயரையும் சுற்றி நடந்து பார்த்தார். "தோள்மூட்டு நோவு ஸ்டியரிங்காலதான் வந்ததோ தெரியாது" என்றார்.

வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்கத்தான் செய்கிறோம். அந்தப் பத்திரம் அன்றைய தினத்துக்குச் சரி. கூம்பு பிடிக்காத ஒரு தண்டு அடுத்த வெட்டுக் காலம்வரை காத்திருக்காது. இப்போது லொறி வயலுக்கு இறங்கும் பருவத்துக்கு முன் ஒரு தரமும், முடிந்து வந்த பின் ஒரு தரமும் நான் சாக்கை விரித்து அடியில் போகிறேன், அண்ணன் வீலை அசைக்கிறார். போன தரம் மச்சானும் தன்னுடைய கான்டரைக் கொண்டுவந்து எங்கள் வளவில் நிறுத்தினார், அதில் இடது டைரொட் எண்ட் போயிருந்தது. எங்கள் லொறியில் இடது கிங்பின்னில், பிரேக்கை மிதித்தும் நிற்காத ஒரு சின்ன ஆட்டம் தெரிகிறது. புஷ்ஷும் பின்னும் சொல்லி வைத்திருக்கிறோம், பெரும்போக நெல் ஏறுவதற்கு முன் நானாவிடம் கொண்டுபோக வேண்டும்.